புதுக்கோட்டை: அரண்மனையின் சொல்லும் ஊரின் சொல்லும்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் என்றதும் தமிழ்நாட்டில் இரண்டு கதைகள் முந்திக்கொண்டு வரும். ஒன்று, 1799இல் வீரபாண்டிய கட்டபொம்மனைப் பிடித்துக் கம்பெனியாரிடம் ஒப்படைத்த கதை. மற்றது, ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்துகொண்டு ஊரைவிட்டே போன ராஜாவின் கதை. முதல் கதையைச் சொல்பவர்கள் கோபத்தோடு சொல்கிறார்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள். இரண்டிலும் ராஜாக்கள் இருக்கிறார்கள், வெள்ளைக்காரர்கள் இருக்கிறார்கள். புதுக்கோட்டை ஊர்க்காரர் ஒருவரும் இல்லை. 1686 முதல் 1948 வரை 262 ஆண்டுகள் ராஜா குடியிருந்த தலைநகரில் யாருடைய சொல் நடந்தது, அந்தச் சொல் யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்பதுதான் இந்த ஊரின் அரசியல் வரலாறு. அதைக் கேட்டுப் பார்க்கும்போது துரோகக் கதையும் காதல் கதையும் வேறு பொருள் கொள்கின்றன.

தொண்டைமான்கள் அம்புக்கோவில் பகுதியைச் சேர்ந்த கள்ளர் குலத் தலைவர்கள். ராமநாதபுரத்தை ஆண்ட ரகுநாத கிழவன் சேதுபதி, ரகுநாதத் தொண்டைமானின் தங்கை காத்தாயியை மணந்தார். வெள்ளாற்றுக்குத் தெற்கே இருந்த நிலப்பகுதி தொண்டைமான் ஆளுகைக்குள் வந்தது. மண உறவும் படை உதவியும் சேர்ந்து 1686 வாக்கில் பிறந்த அரசு இது. காவிரி பாயாத மண். ஏரியும் கண்மாயும் நிரம்பினால் விளைச்சல், நிரம்பாவிட்டால் பஞ்சம். வடக்கே தஞ்சை, தெற்கே சேதுபதி, மேற்கே மதுரை, திருச்சி. தன்னைவிடப் பெரிய அண்டை அரசுகளுக்கு நடுவே பிழைக்க வேண்டிய கட்டாயம் இந்த அரண்மனைக்குப் பிறப்பிலேயே இருந்தது. அடுத்த 150 ஆண்டுகளின் முடிவுகள் பெரும்பாலும் இந்தக் கட்டாயத்திலிருந்து வந்தவை.

1750களில் திருச்சிக் கோட்டைக்காக முகமது அலியும் சந்தா சாகிப்பும், அவர்களுக்குப் பின்னால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது, விஜயரகுநாதராயத் தொண்டைமான் முகமது அலி பக்கம் நின்றார். முற்றுகைக்குள் சிக்கிய திருச்சிக்குத் தானியமும் மாடுகளும் புதுக்கோட்டைக் காடுகள் வழியாகத்தான் போயின. கம்பெனியார் இதை மறக்கவில்லை. ஆகவே 1799இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்து, கட்டபொம்மன் வடக்கு நோக்கித் தப்பி வந்தபோது, அவரைப் பிடித்துத் தருமாறு கலெக்டர் லஷிங்டன் எழுதிய கடிதம் ஐம்பது ஆண்டுக் கூட்டாளியின் வாசலில் வந்து இறங்கியது. திருக்களம்பூர்க் காட்டுப் பகுதியில் தொண்டைமானின் ஆட்கள் கட்டபொம்மனைப் பிடித்தார்கள். 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

இந்தச் செயலுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. அடைக்கலம் தேடி வந்தவனைப் பிடித்துக் கொடுப்பது எந்த அறத்திலும் தவறு. ஆனால் அதைத் திடீரென்று நேர்ந்த ஒரு காட்டிக்கொடுப்பாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது வரலாற்றுக்கு உதவாது. இரண்டே ஆண்டுகளில் மருது சகோதரர்களும் தூக்கிலேறினார்கள். 1803க்குள் சிவகங்கையும் ராமநாதபுரமும் பேஷ்கஷ் என்ற கப்பம் கட்டும் ஜமீன்களாயின. தென்பாண்டி நாட்டுப் பாளையங்களின் கோட்டைகள் தரைமட்டமாயின. அந்த வரிசையில் சிற்றரசாகவே எஞ்சியது புதுக்கோட்டை ஒன்றுதான். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த ஊர்களும் அதற்குப் பரிசாகக் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு யானை கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த யானையைக் கம்பெனியார் வற்புறுத்திக் கேட்கவே இல்லை. 1836இல் நிபந்தனையையே நீக்கிவிட்டார்கள். கப்பம் கட்டாத அரசு என்ற பெருமை புதுக்கோட்டைக்கு நிலைத்தது. ஆனால் கப்பம் கேட்காதவர்கள் வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள்.

அது என்ன என்பதைப் பார்க்க, அரண்மனைக்கும் குடிகளுக்கும் இடையில் அதுவரை இருந்த பிணைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். புதுக்கோட்டை நிலத்தில் பெரும்பகுதி இனாம் நிலம். படைக்கு ஆள் தந்த அமரகாரர்களுக்கு மானியம், அம்பலக்காரர்களுக்கு மானியம், கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பிராமணர்களுக்கும் மானியம், அரண்மனையில் விளக்கு ஏற்றுபவரிலிருந்து பல்லக்குச் சுமப்பவர் வரை ஊழிய மானியம். ராஜா வரி வாங்குபவர் என்பதைவிட நிலம் கொடுப்பவர் என்றே மக்கள் அறிந்திருந்தார்கள். நிலத்தோடு பட்டமும் விருதும் கோயில் மரியாதையும் சேர்ந்து வந்தன. யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு இரண்டாவது என்பதெல்லாம் அந்தக் காலத்து அரசியல். அமெரிக்க ஆய்வாளர் நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் வெளியிட்ட ‘தி ஹாலோ கிரவுன்’ நூல் முழுக்க இந்த ஊரைப் பற்றியது. காலனி ஆட்சி கிரீடத்தை விட்டுவைத்து, உள்ளே இருந்த அரசியலை அகற்றியது என்பது அவர் வாதம். இந்த வாதத்தில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு.

அகற்றும் வேலை படிப்படியாக நடந்தது. 1807இல் சிறுவனாக அரியணை ஏறிய ராஜாவின் பெயரில் தஞ்சை ரெசிடெண்ட் மேஜர் பிளாக்பர்ன் நிர்வாகத்தை வழிநடத்தினார். இன்றைய நகரின் அமைப்பு அந்த ஆட்சிக் காலத்தில் உருவானது. பழைய கோணல் சந்துகள் போய், அரண்மனையை நடுவில் வைத்து நான்கு ராஜ வீதிகளும், அவற்றுக்கு வெளியே அடுக்கடுக்காக எண் இட்ட வீதிகளும் நேர்கோட்டில் வந்தன. கீழ இரண்டாம் வீதி, தெற்கு மூன்றாம் வீதி, மேல நான்காம் வீதி என்று இன்றைக்கும் முகவரி எழுதுகிறோம். அரண்மனையிலிருந்து ஒரு வீடு எத்தனை வீதி தள்ளி இருக்கிறது என்பதை முகவரியே சொல்லிவிடும் ஊர் தமிழ்நாட்டில் வேறு அதிகம் இல்லை.

தஞ்சை ரெசிடெண்டுக்குப் பிறகு மதுரைக் கலெக்டர், தஞ்சைக் கலெக்டர், திருச்சிக் கலெக்டர் என்று மேற்பார்வை கைமாறிக்கொண்டே போனது. 1839இல் பட்டத்துக்கு வந்த ராமச்சந்திரத் தொண்டைமான் காலத்தில் கடன் கூடியது. சென்னை அரசின் கண்டனங்களும் கூடின. பட்டப் பெயரைப் பறிப்பதும் திரும்பத் தருவதுமாக ராஜாவைப் பள்ளிப் பிள்ளையைப் போல நடத்தினார்கள். 1855இல் ஆண் வாரிசு இல்லை என்று சொல்லித் தஞ்சை அரசை முடித்து வைத்தது கம்பெனி. புதுக்கோட்டையில் ராமச்சந்திரத் தொண்டைமான் மகள் வயிற்றுப் பேரனைத் தத்தெடுத்தபோது தடை வரவில்லை. வாரிசு யார் என்பதில்கூட கடைசிச் சொல் சென்னையிலும் கல்கத்தாவிலும் இருந்தது.

1878இல் திருவிதாங்கூரின் முன்னாள் திவான் சேஷய்யா சாஸ்திரியார் புதுக்கோட்டைக்கு வந்தார். பதினாறு ஆண்டுகள் திவானாகவும், 1886க்குப் பிறகு இளம் ராஜாவுக்காக ரீஜெண்டாகவும் அவர் செய்தவை இன்றும் நகரில் கண்ணுக்குத் தெரிகின்றன. குளங்கள் தூர்வாரப்பட்டன. அலுவலகக் கட்டடங்கள், மருத்துவமனை, மகாராஜா கல்லூரி எல்லாம் நிலைபெற்றன. விளைச்சலில் சர்க்கார் பங்கு பிரித்து எடுக்கும் அமானி முறை ஒழிந்தது. அமானியில் அறுவடைக்கு அதிகாரி வரும்வரை களத்தில் நெல் கிடந்து மழையில் நனையும், களவு போகும், லஞ்சம் கேட்பார்கள். பணமாக வரி கட்டும் முறை அதிலிருந்து குடியானவரை விடுவித்தது. அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர் கையாலேயே 1888இல் இனாம் செட்டில்மென்ட்டும் நடந்தது. ஊழியத்துக்காகக் கொடுத்த நிலங்கள் ஊழியத்திலிருந்து பிரிக்கப்பட்டு, வரி கட்டும் சொத்துகளாயின. அமரகாரர்கள் இனிமேல் படைவீரர்கள் அல்லர், பட்டாதாரர்கள். நிர்வாகக் கணக்கில் இது முன்னேற்றம். அரசியல் கணக்கில், குடிக்கும் ராஜாவுக்கும் இடையில் இருந்த கொடுக்கல் வாங்கல் அறுந்து, ரசீதுப் புத்தகம் மட்டும் மிஞ்சியது.

மிஞ்சியதில் அம்மன் காசும் ஒன்று. ஒரு பக்கம் அரச குடும்பத்தின் தெய்வமான பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் ‘விஜய’ என்ற எழுத்து. ஓர் அணாவுக்கு இருபது காசு. நவராத்திரியில் பச்சரிசியோடு இந்தக் காசையும் அரண்மனை வழங்கும். ராஜா தன்னைப் பிரகதாம்பாள் தாசன் என்றே சொல்லிக்கொண்டார். ஆட்சிச் சடங்கு எல்லாம் முன்புபோலவே நடந்தது, ஆட்சி வேறு இடத்தில் நடந்தது.

இந்த வெறுமையின் முழு அளவும் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் வாழ்க்கையில் தெரிந்தது. 1894இல் முழு அதிகாரம் பெற்ற அவர் ஐரோப்பிய ஆசிரியரிடம் படித்தவர். ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டில் கழித்தவர். 1915 ஆகஸ்ட் 10 அன்று மெல்போர்னில் மாலி ஃபிங்கை மணந்தார். ஆங்கில அரசு அவரை ராணியாக ஏற்கவில்லை. 1916இல் பிறந்த மகன் மார்த்தாண்ட சிட்னிக்கு வாரிசுரிமை இல்லை என்றது. ராஜா ஊரில் சில மாதங்கள் இருந்துவிட்டு வெளியேறினார். பின்னர் அண்ணன் விஜயரகுநாத துரைராஜா ரீஜெண்டாக ஆண்டார். 1928இல் பாரிசில் ராஜா இறந்தார். உடல்கூட ஊருக்கு வரவில்லை; லண்டனில் தகனம் நடந்தது. இதைக் காதல் கதையாகச் சொல்வது எளிது. தன் மனைவி ராணியா, தன் மகன் வாரிசா என்பதைத் தீர்மானிக்க ஒரு ராஜாவுக்கே வழியில்லை என்றால், அவருடைய குடிகளுக்கு என்ன வழி இருந்திருக்கும்?

கொஞ்சம் இருந்தது. 1902இல் மைசூரின் மாதிரியில் பிரதிநிதிகள் சபை ஒன்று தொடங்கியது. 1912இல் நகராட்சி வந்தது. 1924இல் சட்டசபை வந்தது. கேள்வி கேட்கலாம், விவாதிக்கலாம், முடிவு திவானிடம். இந்தப் போதாமைக்கு நான் காணும் சான்று இரண்டு மனிதர்களின் வாழ்க்கை. திருமயத்தில் 1887இல் பிறந்து, மகாராஜா கல்லூரியில் படித்த சத்தியமூர்த்தி, சென்னைக்குப் போய்த்தான் தலைவரானார். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த அதே கல்லூரியில், மகாராஜா இடம் தந்ததால் சேர்ந்தார். எதிர்ப்பை மீறி ஒரு பெண்ணை, அதுவும் தேவதாசி மரபில் வந்த தாயின் மகளை, வகுப்பில் உட்கார வைத்தது அரண்மனையின் சொல். அந்தச் சொல்லுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் 1927இல் அவர் துணைத் தலைவராக அமர்ந்தது சென்னைச் சட்டமன்றத்தில். தேவதாசி முறைக்கு எதிராக அவர் பேசியதும் அங்கேதான். கல்வி கொடுக்கத் தெரிந்த சமஸ்தானத்துக்கு, அந்தக் கல்வி கேட்கும் கேள்விகளுக்கு இடம் கொடுக்கத் தெரியவில்லை. திறமையானவர்கள் எல்லை தாண்டினார்கள்.

எல்லைக்குள் இருந்தவர்கள் 1931இல் தெருவுக்கு வந்தார்கள். வரி உயர்வுக்கு எதிராகத் தொடங்கிய போராட்டம் நகரில் கலவரமாக வெடித்தது. அரியணையில் அப்போது ஒன்பது வயதுச் சிறுவன், ராஜகோபாலத் தொண்டைமான். ஆள்பவர்கள் நியமிக்கப்பட்ட அதிகாரிகள். 1934இல் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேயரே நிர்வாகத் தலைமைக்கு வந்தார். சாலைகளும் புதிய அரண்மனையும் கல்வெட்டுத் தொகுப்பும் இரண்டு பாகச் சமஸ்தான வரலாறும் இந்தக் காலத்தை ஒட்டி வந்தவை. நல்ல நிர்வாகம்தான். நிர்வாகம் நன்றாக இருப்பதால் மட்டும் மக்களுக்குச் சொல் வந்துவிடாது என்பதற்கு 1931 சாட்சி.

1948 மார்ச் 3 அன்று சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. ஆலங்குடி, திருமயம், குளத்தூர் என்ற மூன்று தாலுகாக்கள், சுமார் 1,180 சதுர மைல், 1941 கணக்குப்படி நான்கரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள். ராஜகோபாலத் தொண்டைமானுக்கு அப்போது 25 வயது. சண்டையும் சச்சரவும் இல்லாமல் கையெழுத்திட்டார். பின்னர் அரண்மனையையும் அரசுக்கே தந்தார். மணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்து 1997இல் மறைந்தார். ஊரில் இன்றும் அவர் பெயரை மரியாதையோடு சொல்கிறார்கள். அந்த மரியாதை அவருக்கு உரியது.

இணைப்பு ஒரு கையால் கொடுத்தது, மறு கையால் எடுத்தது. வாக்குரிமை வந்தது, தலைநகரம் என்ற தகுதி போயிற்று. சொந்த நீதிமன்றமும் சட்டசபையும் செயலகமும் இருந்த நகரம் திருச்சி மாவட்டத்தின் ஒரு கோட்டமாகச் சுருங்கியது. எந்த வேலைக்கும் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். 26 ஆண்டுகள் இப்படிப் போயின. ஆனால் வாக்குச்சீட்டு உடனே பேசியது. 1952இல் கிசான் மஸ்தூர் பிரஜா கட்சியின் முத்துசாமி வல்லத்தரசை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1962லும் 1967லும் கம்யூனிஸ்ட் தலைவர் ஆர்.உமாநாத் வென்றார். சமஸ்தான மக்கள் ராஜவிசுவாசத்தில் ஊறியவர்கள், அவர்களுக்கு அரசியல் தெரியாது என்று சொல்பவர்களுக்கு இந்த முடிவுகளே பதில். அரச குடும்பத்தாரும் பின்னாளில் அரசியலுக்கு வந்தார்கள், வாக்குப்பெட்டி வழியாகவே. கார்த்திக் தொண்டைமான் 2012 இடைத்தேர்தலில் வென்று புதுக்கோட்டை எம்.எல்.ஏ. ஆனார், 2016இல் அதே தொகுதியில் தோற்றார். வெல்லவும் தோற்கவும் இடம் இருப்பதுதான் குடியாட்சி.

1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. புதிய அரண்மனை கலெக்டர் அலுவலகமானது. மனு கொடுக்க வருபவர்கள் ராஜாவுக்காகக் கட்டிய மாளிகையின் படியேறினார்கள். ஆனால் இந்த ஊரில் சொல் கைமாறிய தருணம் என்று ஒன்றைச் சொல்லக் கேட்டால், நான் 1948ஐயோ 1974ஐயோ சொல்ல மாட்டேன். 1991ஐச் சொல்வேன். அந்த ஆண்டு அறிவொளி இயக்கம் இங்கே வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். அறிவியல் இயக்கத் தோழர்களும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் ஊர் ஊராகப் போனார்கள். கல் குவாரியில் ஜல்லி உடைத்த பெண்கள், வயல் கூலிப் பெண்கள் இரவில் விளக்கொளியில் எழுத்துக் கூட்டினார்கள். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு பெண் சைக்கிள் மிதித்துப் போவது அதுவரை இந்தச் சாலைகள் காணாதது. பிறகு குவாரிகளையே பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். கொத்தடிமைபோல் கல் உடைத்தவர்கள் கணக்குப் புத்தகம் எழுதினார்கள். குவாரி விஷயத்தில் பழைய கைகள் மீண்டும் ஓங்கின என்பது உண்மை. ஆனாலும் கையெழுத்துப் போடக் கற்றவரிடமிருந்து கையெழுத்தைப் பறிக்க முடியாது. 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நாள்கணக்கில் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

எல்லாச் சொல்லும் கைமாறிவிடவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியல் சமூகத்தினர் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. குற்றவாளி யார் என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். விசாரிக்கப் போன கலெக்டர் அங்கே கண்டது, கோயிலுக்குள் அந்த மக்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் டீக்கடையில் தனிக் குவளை இருப்பதையும். அவரே அம்மக்களைக் கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியிருந்தது. சமஸ்தானத்தில் மரியாதை வரிசையை அரண்மனை வகுத்தது. அரண்மனை போன பிறகும் வரிசை போகவில்லை. நிலத்தை இனாம் செட்டில்மென்ட் மாற்றியது, ஆட்சியை இணைப்பு மாற்றியது. ஊருக்குள் யார் முதலில், யார் வெளியே என்ற கணக்கை இதுவரை எந்தச் சட்டமும் முழுதாக மாற்றவில்லை. இந்த மாவட்டத்தின் தீராத அரசியல் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். ராஜாக்களைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால்கூட நல்லது.

இன்னொரு இழப்பு டெல்லியில் நேர்ந்தது. 2008 தொகுதி மறுவரையறையில் புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி இல்லாமல் போனது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் நான்கு நாடாளுமன்றத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. புதுக்கோட்டையும் கந்தர்வக்கோட்டையும் திருச்சிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. 1952இல் கிடைத்த சொல் 2009 தேர்தலில் நான்கு துண்டாயிற்று. ஊரில் எதிர்ப்பு எழுந்தது, யாருக்கும் வாக்களிப்பதில்லை என்ற பிரசாரமும் நடந்தது. அடங்கியும் போனது. ரயில், காவிரி–குண்டாறு இணைப்பு, வேலைவாய்ப்பு என்று இந்த மாவட்டத்துக்காகவே பேச டெல்லியில் ஓர் உறுப்பினர் இல்லை. நால்வரில் எவருக்கும் புதுக்கோட்டை முதல் கவலை இல்லை.

2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை மாநகராட்சியானது. மகிழ்ச்சிதான். ஆனால் அது வீதிகளுக்கான அதிகாரம். அடுத்த மறுவரையறை வரும்போது புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதியைத் திரும்பக் கேட்க வேண்டும். கட்சி வேறுபாடு பார்க்காமல், ஆணையத்தின் முன் மனுவோடு போய்க் கேட்க வேண்டும். மன்னர் சிலைக்கு மாலை போடுபவர்களும் மன்னராட்சியை வெறுப்பவர்களும் சேர்ந்து கையெழுத்திடக்கூடிய கோரிக்கை இது.